ஜூன் 30-க்குள் விற்றாக வேண்டிய பையன்

அவையோருக்கு வணக்கம். கால்பந்து பற்றிப் பேச ஒரு கணக்குத் தணிக்கையாளரைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். முன்வரிசை இளைஞர்களின் முகத்தில் ஏமாற்றம் தெரிகிறது, நியாயம்தான். ஆனால் ஒவ்வொரு கோடையிலும் "இவர் அங்கே போகிறாராம், அவர் இங்கே வருகிறாராம்" என்று உங்கள் கைப்பேசியில் கொட்டுகிறதே, அந்த வதந்திகளில் பாதி கிளப்புகளின் பேரேட்டில்தான் முளைக்கிறது. பேரேடு படிப்பது என் தொழில்.

எலியட் ஆண்டர்சன் என்ற பையனிலிருந்து தொடங்குகிறேன். நியூகாசில் பக்கத்துப் பையன். சிறுவயதிலேயே அந்த ஊர் கிளப்பின் பயிற்சிக் கூடத்தில் சேர்ந்து, அதே அணியின் சட்டையைப் போட்டு முதல் அணி வரை வந்தவன். 2024 ஜூன் கடைசியில், 21 வயதில், அவனை நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் என்ற இன்னொரு கிளப்புக்குச் சுமார் 3.5 கோடி பவுண்டுக்கு விற்றுவிட்டார்கள். பயிற்சியாளர் எடி ஹோவுக்கு அவனை அனுப்ப மனமே இல்லை. சவூதி அரேபிய அரசு முதலீட்டு நிதியே உரிமையாளராக இருக்கிற கிளப்புக்குப் பணத்தட்டுப்பாடும் இல்லை. பிறகு ஏன் விற்றார்கள்? ஜூன் 30 அன்று கணக்காண்டு முடிகிறது என்பதற்காக!

இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் ஒரு விதி இருந்து வந்திருக்கிறது: மூன்று ஆண்டுகளில் ஒரு கிளப் அதிகபட்சம் 10.5 கோடி பவுண்டுதான் நட்டம் காட்டலாம். கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கணக்கில் எவ்வளவு நட்டம் என்பதே கேள்வி. இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியில்தான் கூத்தெல்லாம் நடக்கிறது.

ஓர் ஆட்டக்காரரை 5 கோடிக்கு வாங்கி ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டால், அந்த 5 கோடி ஒரே ஆண்டின் செலவாக எழுதப்படுவதில்லை. ஆண்டுக்கு 1 கோடி வீதம் தேய்மானம் எழுதுவார்கள். இரண்டு ஆண்டு கழித்து அவர் பெயரில் ஏட்டில் 3 கோடி நிற்கும். அவரை இரண்டரைக் கோடிக்கு விற்றால் 50 லட்சம் நட்டம். "சரியாக ஆடாத இவரை ஏன் தள்ளிவிடாமல் வைத்திருக்கிறார்கள்?" என்று நீங்கள் தலையில் அடித்துக்கொள்கிற பல ஆட்டக்காரர்களுக்கு இதுவே விடை. பயிற்சிக் கூடத்தில் வளர்ந்த பையனோ வீட்டுக் கொல்லையில் காய்த்த மாங்காய். வாங்கிய விலை பூஜ்யம்; விற்ற காசு முழுவதும் லாபம், அதுவும் அதே ஆண்டில். ஆண்டர்சனின் 3.5 கோடி அப்படி ஒரே நாளில் ஏட்டில் ஏறியது. அதே நேரத்தில் ஃபாரஸ்டிலிருந்து விளாகோடிமோஸ் என்ற கோல்கீப்பரைச் சுமார் 2 கோடிக்கு நியூகாசில் வாங்கியது. அந்தச் செலவு ஒப்பந்த ஆண்டுகளில் பிரிந்து போய்விடும். விற்றது இன்றே வரவு, வாங்கியது நாளைய செலவு. இரண்டு கிளப்புக்கும் ஏடு அழகாகிவிட்டது. அந்தக் கோல்கீப்பர் நியூகாசிலுக்கு ஆடிய நேரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும்! ஆண்டர்சன் 2025-இல் இங்கிலாந்து அணிக்கே ஆடினான்.

இந்தத் தேய்மானக் கணக்கை வித்தையாகவே ஆக்கிக் காட்டியது லண்டன் கிளப்பான செல்சீ. 2023 ஜனவரி கடைசி நாளில் போர்ச்சுகல் கிளப்பான பென்ஃபிகாவிடமிருந்து என்சோ ஃபெர்னாண்டஸை 10.68 கோடி பவுண்டுக்கு வாங்கி, 2031 வரை ஒப்பந்தம் போட்டார்கள். எட்டரை ஆண்டு! ஐந்தாண்டு என்றால் ஆண்டுக்கு 2.14 கோடி எழுத வேண்டும். எட்டரை என்றால் 1.26 கோடியோடு முடிந்தது. தொழில்முறையில் பார்த்தால் கெட்டிக்காரத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கோடையிலேயே ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஃபா விழித்துக்கொண்டு, தேய்மானத்தை ஐந்தாண்டுக்கு மேல் பரப்பக் கூடாது என்றது. டிசம்பரில் பிரீமியர் லீக்கும் அதையே செய்தது. செல்சீ அதற்குள் இன்னொரு வழியும் கண்டிருந்தது, 2022-23 கணக்காண்டிலேயே தன் மைதானத்தை ஒட்டிய இரண்டு ஹோட்டல்களைத் தன் சகோதர நிறுவனத்துக்கே 7.65 கோடிக்கு விற்று வரவு வைத்தது. லீக்கும் அதை ஏற்றுக்கொண்டது. என்னிடம் ஒரு கட்சிக்காரர் இப்படி ஓர் ஏட்டைக் கொண்டுவந்திருந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்திருப்பேன்.

மாட்டிக்கொண்டவர்கள் யார் தெரியுமா? நட்ட வரம்பைத் தாண்டியதற்காக எவர்ட்டன் கிளப்புக்கு 2023 நவம்பரில் லீக் பட்டியலில் 10 புள்ளி வெட்டு. மேல்முறையீட்டில் 6 ஆனது. பிறகு இன்னொரு கணக்கில் 2. ஃபாரஸ்டின் கதைதான் என் மனத்தை உறுத்துகிறது. முந்தைய ஆண்டுகளில் கீழ்ப்பிரிவில் இருந்ததால் அவர்களுக்கான வரம்பு 6.1 கோடிதான். அதை 3.45 கோடி தாண்டிவிட்டார்கள். கையில் பிரெனன் ஜான்சன் இருந்தான். நாட்டிங்ஹாமில் பிறந்தவன், அவன் அப்பாவும் அதே அணிக்கு ஆடியவர். ஜூன் 30-க்குள் விற்றிருந்தால் குறைந்த விலைக்குத்தான் போயிருப்பான். காத்திருந்து, 2023 செப்டம்பர் 1 அன்று, ஆட்டக்காரர்களை வாங்கி விற்க அனுமதியுள்ள டிரான்ஸ்ஃபர் காலத்தின் கடைசி நாளில், டாட்டன்ஹாமுக்கு 4.75 கோடிக்கு விற்றார்கள். நல்ல விலைக்காகத்தானே பொறுத்தோம் என்று விசாரணையில் வாதாடினார்கள். எடுபடவில்லை. தேதி தேதிதான் என்று 2024 மார்ச்சில் 4 புள்ளிகளைப் பிடுங்கினார்கள். நிதி ஒழுக்கத்துக்கென்று போட்ட விதி, நிதானமாக நல்ல விலை பெற்றவனைத் தண்டித்தது.

ஆக, வதந்தி வந்தால் என்ன கேட்க வேண்டும்? முதலில், ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று கேளுங்கள். 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் போஸ்மன் என்ற ஆட்டக்காரரின் வழக்கில் தந்த தீர்ப்புக்குப் பிறகு, ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர், பழைய கிளப்புக்கு யாரும் பைசா தராமலே வெளியேறலாம். கடைசி ஆறு மாதத்தில் வெளிநாட்டுக் கிளப்போடு பேசிக் கையெழுத்தும் போடலாம். 2025-இல் லிவர்பூல் பையன் டிரெண்ட் அலெக்சாண்டர்-ஆர்னால்டு ரியல் மாட்ரிட் போனது அந்த வழியில்தான். கொல்லையில் காய்த்தது; ஒப்பந்தத்தில் கடைசி ஒரு மாதம் மிச்சம் இருந்ததால், முன்கூட்டி விடுவித்ததற்குச் சிறு தொகை கிடைத்தது, அவ்வளவுதான். சொந்த மைதானத்து ரசிகர்களே அவரைக் கூச்சலிட்டு வழியனுப்பினார்கள். விற்றால் கிளப்பைத் திட்டுகிறோம், விற்காமல் விட்டால் பையனைத் திட்டுகிறோம்.

அடுத்து, இந்தச் செய்தியால் யாருக்கு லாபம் என்று பாருங்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் பேச்சு நடக்கும்போது "ஸ்பெயினிலிருந்து விசாரிக்கிறார்கள்" என்று ஒரு வரி கசிந்தால், பெரும்பாலும் சம்பளத்தைக் கூட்ட ஏஜென்ட் தட்டிய கதவு அது. ஜூன் கடைசி வாரத்தில், விற்கவே கூடாத ஓர் ஊர்ப்பையனின் பெயர் அடிபட்டால் அதை மட்டும் வதந்தி என்று ஒதுக்காதீர்கள். யாரோ ஒரு கணக்காளர் தூக்கமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்.

2026-27 முதல் பிரீமியர் லீக்கில் விதி மாறுகிறது. ஆட்டக்காரர்களுக்கான செலவு, கிளப்பின் கால்பந்து வருமானத்தில் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். யூஃபா தன் போட்டிகளுக்கு 70 என்கிறது. ஹோட்டல் விற்கிற வித்தை இனி உதவாது, நல்லது. ஆனால் ஆட்டக்காரரை விற்ற லாபம் புதிய கணக்கிலும் சேர்கிறது. பயிற்சிக் கூடத்துப் பையனின் விலை அங்கேயும் முழு லாபமாகவே நிற்கும். கேள்விகள் இருந்தால் கேளுங்கள். ஹோட்டல் விஷயத்தைத்தான் முதலில் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன்.