பாசி எண்ணெயும் தண்ணீர்க் கணக்கும்

நேயர்களுக்கு வணக்கம்.

வண்டி ஓட்டிக்கொண்டே இதைக் கேட்பவர்களும் இருப்பீர்கள். உங்கள் டேங்கில் இருக்கிற பெட்ரோலோ டீசலோ பெரும்பாலும் பாசியிலிருந்து வந்ததுதான். டைனோசர் செத்து எண்ணெய் ஆனது என்று பிள்ளைகள் இன்னும் சொல்கிறார்கள். அப்படியில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால் கடலில் மிதந்த நுண்பாசிகளும், அவற்றைத் தின்று வாழ்ந்த சிற்றுயிர்களும் செத்து அடியில் படிந்து, மண்ணுக்குள் புதைந்து, சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து எண்ணெயாயின. அப்போதைய வெயில் செய்ததை இன்றைய வெயிலில் செய்ய முடியாதா? அப்படி எடுத்த எண்ணெயை எரித்தாலும், பாசி வளரும்போது இழுத்துக்கொண்ட கரியமில வாயுதானே திரும்ப வெளியே வருகிறது? இந்தக் கேள்வியின் பின்னால் போனவர்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

1942-லேயே ஜெர்மனியில் ஹார்டர், வான் விட்ச் என்ற இருவர் டயாட்டம் என்கிற நுண்பாசியிலிருந்து கொழுப்பு எடுக்கலாம் என்று எழுதினார்கள். போர்க்காலம், கொழுப்புக்குத் தட்டுப்பாடு. ஆனால் வாகன எரிபொருளுக்காகப் பெரிய அளவில் இறங்கியது அமெரிக்க அரசு. 1973 எண்ணெய் நெருக்கடியில் பெட்ரோல் பங்குகளில் வரிசையில் நின்ற நாடு அது. 1978-ல் ஒரு திட்டம் தொடங்கி 1996 வரை நடத்தினார்கள். மொத்தச் செலவு சுமார் இரண்டரை கோடி டாலர். பதினெட்டு வருஷத்துக்கு அது பெரிய பணமே இல்லை. குளம், கடலோரம், உப்பளம் என்று தேடி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாசிகளைச் சேகரித்து, கழித்துக் கட்டி, முந்நூறு அளவுக்குக் கொண்டுவந்தார்கள்.

நியூ மெக்சிகோ மாநிலத்தில் ராஸ்வெல் என்ற ஊர். பறக்கும் தட்டு இறங்கியதாகக் கதை கட்டினார்களே, அதே ஊர்தான். எனக்கு அந்த ஊர் முக்கியமானது பறக்கும் தட்டுக்காக அல்ல, அங்கே வெட்டிய குளங்களுக்காக! ஒவ்வொன்றும் ஆயிரம் சதுர மீட்டர், நம் கணக்கில் கால் ஏக்கர். ஓட்டப்பந்தயத் தடம் போல நீள்வட்டம், ஆழம் முழங்காலுக்கும் கீழே. ஒரு துடுப்புச் சக்கரம் மெதுவாகச் சுற்றித் தண்ணீரை ஓடவிடும். அடியில் இருக்கிற பாசியும் மேலே வந்து வெயில் குடிக்க வேண்டுமே, அதற்குத்தான்.

பாலைவனம், கொளுத்தும் வெயில், யாருக்கும் வேண்டாத நிலம், உப்புத் தண்ணீர். இதைவிட நல்ல இடம் ஏது என்றுதான் போனார்கள். நல்ல நாட்களில், ஒரே நாளில் ஒரு சதுர மீட்டருக்கு ஐம்பது கிராம் வரை பாசி விளைந்தது. அருமையான விளைச்சல். ஆனால் பாலைவனத்தில் பகல் எவ்வளவு சுடுமோ இரவு அவ்வளவு குளிரும். ராத்திரி குளிர்ந்த குளம் மறுநாள் சூடேறவே நேரம் பிடிக்கும், குளிர்காலத்தில் சொல்லவே வேண்டாம். மொத்தமாகச் சராசரி பார்த்தால் நாளுக்குப் பத்து கிராம் அளவில் நின்றுவிட்டது. வெயிலைப் பார்த்து இடம் பிடித்தார்கள், இரவு காலை வாரிவிட்டது. இன்னொரு வேடிக்கை: ஆய்வகத்தில் பொத்திப் பொத்தி வளர்த்த பாசியைக் குளத்தில் விட்டால், கொஞ்ச நாளில் எங்கிருந்தோ வந்த உள்ளூர்ப் பாசி அதை ஓரங்கட்டிவிட்டு நிற்கும். கடைசியில் அவர்களே சொன்னார்கள்: அந்தந்த ஊர்க் குளத்தில் தானாக ஜெயிக்கிற பாசியையே வளர்ப்பதுதான் புத்திசாலித்தனம் என்று. விவசாயிகள் இதைக் கேட்டுச் சிரிப்பீர்கள்.

பாசியில் எண்ணெய் கூட வேண்டுமானால் ஒரு குறுக்கு வழி உண்டு. தழைச்சத்தை நிறுத்துவது. பயிருக்கு யூரியா போடாமல் விடுவது மாதிரி. தழைச்சத்து இல்லாவிட்டால் செல்லுக்குப் புரதம் செய்ய வழியில்லை. வெயில் மட்டும் வந்துகொண்டே இருக்கும், அதைக் கொழுப்பாகச் சேர்த்து வைத்துக்கொள்ளும். எண்ணெய் நாற்பது சதவீதம், ஐம்பது சதவீதம் என்று ஏறும். ஆனால் வளர்ச்சி நின்றுபோகும். ஆக மொத்தக் குளத்துக்கும் கிடைக்கிற எண்ணெய் கூடுவதில்லை. அதனால்தான் சொல்கிறேன், பாசி எண்ணெய்க்கு முதலீடு கேட்டு யாராவது சதவீதம் காட்டினால், "ஏக்கருக்கு வருஷத்துக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். பயோடீசலை நம்பிக் காட்டாமணக்கு நட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சரி, எண்ணெய் இருக்கிறது, பாசியும் வளர்கிறது என்றே வைத்துக்கொள்வோம். என் பேச்சின் மையத்துக்கு இப்போதுதான் வருகிறேன். தண்ணீர்.

புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் சுருள்பாசி, அதாவது ஸ்பைருலினா, தொழில்முறையில் வளர்க்கிறார்கள். சிறு பண்ணைகளிலும் பார்த்திருக்கலாம். சுருள்பாசி இழை இழையாக இருக்கும். அதனால் நெருக்கமாக நெய்த துணியில் ஊற்றினால் தண்ணீர் இறங்கிவிடும், மேலே கரும்பச்சையாக மசியல் தங்கும். அதைப் பிழிந்து, இடியாப்ப உரலில் போடுவதுபோல் அழுத்தி, நூல் நூலாகத் தட்டில் விட்டு வெயிலில் காயவைப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது பெரும்பாலும் புரதம், எண்ணெய் குறைவு. கிலோ பல நூறு ரூபாய்க்குச் சத்துமாவாக விற்பதால் அந்த உழைப்பு கட்டுபடியாகிறது.

எண்ணெய்ப் பாசியான நானோகுளோராப்சிஸ் அப்படியல்ல. ஒரு செல் இரண்டு முதல் நான்கு மைக்ரான். நம் ரத்தச் சிவப்பணுவில் பாதி இருந்தால் அதிகம். துணியில் ஊற்றினால் பச்சைத் தண்ணீர் பச்சைத் தண்ணீராகவே கீழே இறங்கும். ராத்திரி முழுக்கக் குடுவையில் வைத்துப் பாருங்கள், காலையிலும் பெரும்பகுதி மிதந்துகொண்டேதான் இருக்கும்.

இப்போது கணக்கு. திறந்த குளத்தில் லிட்டருக்கு அரை கிராம் பாசி இருந்தால் நல்ல குளம். அதில் கால் பங்கு எண்ணெய் என்று தாராளமாகவே வைப்போம். அப்படியானால் ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏழாயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கையாள வேண்டும். கிட்டத்தட்ட ஒரு தண்ணீர் லாரி! சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி ஐந்தில் ஒரு பங்கு பாசி, நாலு பங்கு தண்ணீர் என்கிற அளவுக்குக் கெட்டியாக்கினாலும், மிச்சத் தண்ணீரை அடுப்பெரித்து உலர்த்தினால், அதிலிருந்து கிடைக்கப்போகிற எண்ணெய் முழுவதும் அந்த அடுப்புக்கே சரியாகிவிடும். மறுபடியும் சொல்கிறேன்: பாசியில் எண்ணெய் இருக்கிறதா என்பது பிரச்சினை இல்லை. அதைத் தண்ணீரிலிருந்து பிரிக்க எவ்வளவு எரிக்கிறோம் என்பதுதான் பிரச்சினை.

பெரிய கம்பெனிகளும் இதில் இறங்கின. அமெரிக்க எண்ணெய் நிறுவனமான எக்ஸான்மொபில், மரபணு விஞ்ஞானி கிரெய்க் வென்டரின் நிறுவனத்தோடு சேர்ந்து 2009-ல் அறுபது கோடி டாலர் வரை செலவிடத் தயார் என்று அறிவித்தது. 2017-ல் மரபணுவில் கைவைத்து, வளர்ச்சி பெரிதாகக் குறையாமலே எண்ணெயை இருபது சதவீதத்திலிருந்து நாற்பதுக்கு மேல் கொண்டுவந்தார்கள். உண்மையான சாதனை. மறு வருஷம், 2025-க்குள் தினம் பத்தாயிரம் பீப்பாய் எடுக்கும் திறனை எட்டுவோம் என்றார்கள். 2023-ல் எக்ஸான் விலகிக்கொண்டது. பாசியை மாற்றினார்கள், தண்ணீரை யார் மாற்றுவது?

உலர்த்தாமலே எண்ணெய் எடுக்க வழி உண்டா என்றால், உண்டு. அமெரிக்காவின் பசிபிக் வடமேற்கு தேசிய ஆய்வகம் 2013-ல் அறிவித்த முறையில், ஈரப்பாசியை அப்படியே சுமார் 350 டிகிரி சூட்டில், இருநூறு மடங்கு காற்றழுத்தத்தில் வேகவைக்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்குள் கச்சா எண்ணெய். பூமி கோடி வருஷத்தில் செய்த சமையல். வெளியே வருகிற சூட்டை உள்ளே போகிற கூழுக்கு மாற்றிவிடலாம் என்பதால் கணக்கு கொஞ்சம் தேறுகிறது. இதையும் டவுன் பஸ்ஸுக்கு ஊற்றக் கூடாது என்பது என் கட்சி. பஸ்ஸுக்கு பேட்டரி போதும். பேட்டரியால் தூக்க முடியாத நெடுந்தூர விமானத்துக்கு வைத்துக்கொள்ளலாம். 2009 ஜனவரியில் ஹூஸ்டனில் ஒரு போயிங் விமானம் காட்டாமணக்கு எண்ணெயோடு கொஞ்சம் பாசி எண்ணெயும் கலந்து ஒரு இன்ஜினில் ஊற்றிப் பறந்து பார்த்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சைகை வந்துவிட்டது. கடற்பாசி பற்றிப் பேச ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் வரை போகலாம் என்று குறிப்பு எழுதி வந்தேன், அது இன்று இல்லை. ஸ்பெயினை மட்டும் சொல்லிவிடுகிறேன். காடிஸ் கடற்கரையில் சிக்லானா என்ற ஊரில், ஊர்ச் சாக்கடைத் தண்ணீரில் பாசி வளர்த்தார்கள். உரம் சாக்கடையிலேயே இருக்கிறது, தண்ணீரும் சுத்தமாகிறது. பாசியிலிருந்து எண்ணெய் எடுக்கவில்லை. ஈரத்தோடு தொட்டியில் அடைத்து, சாண எரிவாயு மாதிரி மீத்தேன் எடுத்து, கார் ஓட்டினார்கள். பிழிய வேண்டாம், உலர்த்த வேண்டாம், வாயு தானாகவே தண்ணீரை விட்டு மேலே வந்துவிடும். நம் ஊர்களிலும் கழிவுநீர் நிலையங்கள் இருக்கின்றன, வெயிலுக்கும் பஞ்சமில்லை, நகராட்சிக்காரர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால்... சரி, நேரம் முடிந்தது. வணக்கம்.