ஆடு தொடாத இலை

எல்லாருக்கும் வணக்கம். மார்கழிப் பனியில் கூட்டம் வைத்தால் பேசுகிறவரைவிட இருமுகிறவர் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். முன்வரிசையில் இருமுகிறவர்கள் கூச்சப்பட வேண்டாம், இன்று பேச்சே உங்களைப் பற்றித்தான்.

இந்தக் கிளையை வரும் வழியில் ஒரு வேலியில் ஒடித்துக்கொண்டு வந்தேன். ஆடாதோடை. இலை மாவிலை போல நீளம், பூ வெள்ளை, கசக்கினால் ஒரு குமட்டல் வாடை. ஆடு வாய் வைக்காது, அதனால் ‘ஆடு தொடா’ என்று இருந்தது ஆடாதோடை ஆயிற்று என்பார்கள். தமிழ் வாத்தியார்கள் ஒப்புக்கொள்வார்களோ என்னவோ, ஆடு மேய்க்கிறவர்கள் ஒப்புக்கொள்வார்கள். இதைக் குடித்தால் பாடாத நாவும் பாடும் என்று பழமொழி உண்டு. அடைத்த தொண்டை திறக்கும் என்பதைத்தான் அப்படிச் சொன்னார்கள்.

இதில் வாசிசின் என்று ஒரு சத்து இருக்கிறது. அதன் அமைப்பைப் பார்த்துத்தான் 1960களில் புரோம்ஹெக்சின் என்ற மருந்தை உருவாக்கினார்கள். அது உடம்பில் மாறிக் கிடைப்பது ஆம்ப்ராக்சால். உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் இருமல் சிரப்பின் லேபிளைத் திருப்பிப் பாருங்கள், இரண்டில் ஒன்று இருந்தாலும் இருக்கும். இரண்டுக்கும் வேலை ஒன்றுதான்: கெட்டிச் சளியை இளக்கி வெளியே கொண்டுவருவது. கிருமியை ஒழிக்கும் வேலையை இவற்றிடம் எதிர்பார்க்கக் கூடாது. நான் இன்று சொல்ல வந்ததே இந்த வித்தியாசம்தான்.

2020இல் தெருமுனையில் அண்டா வைத்துக் கபசுரக் குடிநீர் கொடுத்தது நினைவிருக்கும். சுக்கு, திப்பிலி, இலவங்கம், கடுக்காய்த் தோல், சீந்தில், நிலவேம்பு என்று 15 சரக்கு, அதில் ஆடாதோடையும் ஒன்று. 5 கிராம் பொடியை 240 மில்லி தண்ணீரில் போட்டு 60 மில்லியாகச் சுண்ட வைக்க வேண்டும். நம் வீடுகளில் என்ன நடந்தது? ஒரு கொதி வந்ததும் இறக்கி, காபி மாதிரி ஃபிளாஸ்க்கில் ஊற்றி, மறுநாள் வரை குடித்தார்கள். காய்ச்சிய குடிநீருக்கு, அதாவது கஷாயத்துக்கு, ஆயுள் ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம். சூரணத்துக்கு, அதாவது பொடிக்கு, 3 மாதம். 2020இல் வாங்கிய பொட்டலம் இன்னும் அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

சுக்குக்குப் புறணி நஞ்சு, கடுக்காய்க்கு அகணி நஞ்சு. சுக்கின் தோலைச் சீவ வேண்டும், கடுக்காயின் கொட்டையை நீக்க வேண்டும். அவசரத்தில் இரண்டையும் அப்படியே இடித்துப் போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கர்ப்பிணிகளுக்கு ஆடாதோடை ஆகாது, கருப்பையைச் சுருங்க வைக்கும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அதிமதுரத்தை நாள் கணக்கில் வாயில் அடக்கிக்கொள்ளக் கூடாது, அழுத்தம் ஏறும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனில் குழைத்து எதையும் நாக்கில் தடவாதீர்கள், பாட்டி சொன்னாலும் சரி.

இப்போது என் தப்பு ஒன்றைச் சொல்கிறேன். வைத்தியத் தொழிலுக்கு வந்த புதிது. ஒரு கொத்தனார் இருமலோடு வந்தார். சிமென்ட் தூசி என்று நானே முடிவு கட்டி ஆடாதோடைக் குடிநீர் எழுதிக் கொடுத்தேன். சளி இளகியது, அவருக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். ஆறு வாரம் கழித்து வந்தபோது சட்டை தோளில் தொங்கியது. “சாயங்காலமானா லேசா காய்ச்சல் அடிக்குதுங்க” என்றார். சளிப் பரிசோதனையில் காசநோய். மருந்து சாப்பிட்டுப் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த ஆறு வாரமும் அவர் வீட்டில் ஒரே அறையில் இரண்டு பிள்ளைகள் படுத்திருந்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு வாரம் தாண்டிய இருமலோடு யார் வந்தாலும், முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சளி கொடுக்க அனுப்பிவிட்டுத்தான் மற்ற பேச்சு. அங்கே காசு கிடையாது.

துண்டுச் சீட்டு ஒன்று வந்திருக்கிறது. ‘மூன்று வயதுப் பிள்ளைக்கு நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கலாமா?’

வேண்டாம்மா. போர்வைக்குள் பிள்ளை திமிறும், கொதிக்கிற பாத்திரம் மடியில் கவிழும். தொடை வெந்து வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வெதுவெதுப்பாகத் தண்ணீர் கொடுங்கள், கற்பூரவள்ளிச் சாறு இரண்டு சொட்டுத் தேனில் கொடுக்கலாம். அதைவிட முக்கியம், பிள்ளை தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். அந்த வயதில் 40ஐத் தொட்டாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ நிமோனியாவாக இருக்கலாம். அப்போது கஷாயம் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள், ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

அடுத்த சீட்டு இருந்தால் கொடுங்கள். கிளையை அப்படியே பின்வரிசைக்கு அனுப்புங்கள், எல்லாரும் ஒரு தடவை கசக்கி மோந்து பார்க்கட்டும்.