‘திங்’: மன்றமாக இருந்த ஒரு சொல்

அன்பு நண்பர்களே, வணக்கம். ஆங்கிலம் பேசுபவர்கள் நாள் முழுவதும் சொல்லும், ஆனால் யாருமே அகராதியில் தேடிப் பார்க்காத ஒரு சொல்லைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அது ‘திங்’. பெயர் தெரியாத எதையும் சுட்டுவதற்கு இன்று கைகொடுக்கும் இந்தச் சொல், தொடக்கத்தில் மக்கள் ஓரிடத்தில் கூடி வழக்குத் தீர்த்துக்கொண்ட மன்றத்தின் பெயராக இருந்தது.

7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இங்கிலாந்தின் தென்கிழக்கிலிருந்த கெண்ட் அரசை ஆண்ட லோத்தேர், ஈத்ரிக் என்னும் மன்னர்களின் பெயரால் ஒரு சட்டத்தொகுப்பு வழங்குகிறது. ஒருவர் மற்றொருவர்மீது வழக்குத் தொடுத்து, அவரை ‘அவையிலோ திங்கிலோ’ சந்தித்தால், குற்றம் சாட்டப்பட்டவர் பிணை கொடுத்தாக வேண்டும் என்று அதில் ஒரு விதி வருகிறது. திரையில் நீங்கள் பார்க்கும் ‘þ’ என்ற இந்த எழுத்தின் பெயர் ‘தோர்ன்’. பழைய ஆங்கிலத்தில் நம் சொல் இந்த எழுத்தில்தான் தொடங்கியது; பின்னாளில் இதன் இடத்தை ‘th’ என்ற இரண்டு ரோமன் எழுத்துகள் பிடித்துக்கொண்டன.

மன்றத்தைக் குறித்த சொல் முதலில் அங்கே விசாரிக்கப்படும் வழக்கையும், பிறகு எந்த விவகாரத்தையும், கடைசியில் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய எந்தப் பொருளையும் குறிக்கத் தொடங்கியது. இந்தப் பொருள்விரிவு நார்மானியர் படையெடுத்து வந்த 1066க்கு முன்பே நடந்துவிட்டது. இதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. வழக்கு என்று பொருள்பட்ட லத்தீன் ‘காவ்சா’ என்ற சொல்லே இத்தாலியத்தில் ‘கோசா’ என்றும் பிரெஞ்சில் ‘ஷோஸ்’ என்றும் மாறி, அங்கெல்லாம் ‘பொருள்’ என்ற நிலைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

சொல்லின் வயதைக் காட்டும் கல் ஒன்றும் இருக்கிறது. வட இங்கிலாந்தில், ரோமானியர் எழுப்பிய ஹேட்ரியன் சுவரையொட்டிய ஹவுஸ்ஸ்டெட்ஸ் கோட்டைப் பகுதியில், ரோமானியப் படையில் பணியாற்றிய ஜெர்மானிய வீரர்கள் 3ஆம் நூற்றாண்டில் நிறுவிய பலிபீடம் 1883இல் கண்டெடுக்கப்பட்டது. ‘மார்ஸ் திங்ஸஸ்’, அதாவது மன்றத்தின் காவலனான மார்ஸ் என்று, அதில் அவர்கள் தங்கள் கடவுளை அழைக்கிறார்கள். போர்க்கடவுளின் பெயரோடு வழக்குமன்றத்தைச் சேர்த்து வணங்கிய அந்த மனநிலை என்னை மிகவும் ஈர்க்கிறது. செவ்வாய்க்கிழமைக்கு ஜெர்மன் மொழியில் வழங்கும் ‘டீன்ஸ்டாக்’ என்ற பெயரும் இந்தக் கடவுளின் பெயரிலிருந்தே வந்தது என்று சொற்பிறப்பியலார் கருதுகின்றனர்.

ஆங்கிலத்தில் பழைய பொருள் மங்கிவிட்டாலும், வடக்கே அது அழியவில்லை. ஐஸ்லாந்தில் 930இல் தொடங்கிய ‘ஆல்திங்’ என்ற பொதுமன்றம் கூடிய திங்வெல்லிர் வெளியில், சட்டப்பாறை என்று அழைக்கப்பட்ட மேட்டிலிருந்து ‘சட்டம் உரைப்பவர்’ என்னும் பதவியாளர், எழுதப்படாத சட்டத்தை ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்காக மனப்பாடமாக ஓதினார். அவருடைய பதவிக்காலமான மூன்று ஆண்டுகளில் முழுச் சட்டமும் மக்கள் காதில் விழுந்துவிடும். 1117 குளிர்காலத்தில்தான் அதை எழுத்தில் வடிக்கத் தொடங்கினார்கள். நார்வேயின் நாடாளுமன்றம் ‘ஸ்டோர்டிங்’ என்றும் டென்மார்க்கின் நாடாளுமன்றம் ‘ஃபோல்கெடிங்’ என்றும் இன்றைக்கும் பெயர் தாங்கி நிற்கின்றன.

ஆங்கிலத்திலும் பழைய மன்றம் ஒரு மூலையில் ஒளிந்திருக்கிறது. தேர்தல் பிரசாரத்தைக் குறிக்கும் ‘ஹஸ்டிங்ஸ்’ என்ற சொல்லைச் செய்திகளில் கேட்டிருப்பீர்கள். ‘ஹூஸ்’ என்றால் வீடு; அரசனோ தலைவனோ தன் வீட்டாரைக் கூட்டி நடத்திய மன்றம் ‘ஹூஸ்திங்’. அது லண்டனில் ஒரு நீதிமன்றத்தின் பெயராகி, பிறகு வேட்பாளர்கள் ஏறி நின்று பேசிய மேடையின் பெயராகி, ரகசிய வாக்கெடுப்புச் சட்டம் 1872இல் அந்த மேடைமுறைக்கு முற்றுப்புள்ளி வைத்த பிறகும் பிரசாரத்தின் பெயராக நிலைத்துவிட்டது.

பழைய பொருளைக் கண்ணால் பார்க்க விரும்புபவர்களுக்கு நான் சொல்லும் இடம், பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவிலுள்ள மேன் தீவு. அதன் நாடாளுமன்றமான ‘டின்வால்ட்’டின் பெயரும் திங்வெல்லிரின் பெயரும் ‘மன்றம் கூடும் வெளி’ என்ற ஒரே சொல்லிலிருந்து, வட ஐரோப்பியர் அன்று பேசிய பழைய நோர்ஸ் மொழியின் சொல்லிலிருந்து வந்தவை. வழக்கமாக ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 5ஆம் தேதி, செயின்ட் ஜான்ஸ் என்ற ஊரில் உள்ள நான்கடுக்குப் புல்மேட்டின்மீது உறுப்பினர்கள் கூட, புதிய சட்டங்களின் சுருக்கம் ஆங்கிலத்திலும் தீவின் சொந்த மொழியான மாங்ஸிலும் வாசிக்கப்படுகிறது. இயற்றப்பட்ட 18 மாதங்களுக்குள் அங்கே அறிவிக்கப்படாத சட்டம் செல்லாமல் போய்விடும். குறையுள்ள குடிமக்கள் அன்றைக்கு மேட்டின் அடிவாரத்துக்கு நடந்து வந்து, தங்கள் மனுவை நேரில் கொடுக்கலாம்.