தலைக்கு மேலே டோர்னியர்

வணக்கம் நேயர்களே. உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் பக்கத்து ஆட்களுக்கு நன்றாகப் பழகிய ஒரு சத்தத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். ஹெலிகாப்டரின் படபடப்பு இல்லை, காதைக் குடையும் ஊளை. நிமிர்ந்து பார்த்தால் உடம்புக்கு மேலே இறக்கை, நீண்டு கூர்ந்த மூக்கு, பக்கத்துக்கு ஒரு விசிறி, வயிற்றுக்கு அடியில் புடைத்த ரேடார். அதுதான் டோர்னியர் 228. கடற்படையும் கடலோரக் காவல்படையும் பல ஆண்டுகளாக ஓட்டுகின்றன. உச்சிப்புளித் தளம் 2009இல் ஐ.என்.எஸ். பருந்து என்று பெயர் பெறுவதற்கு முன்பிருந்தே நம் வானத்தில் கடற்படை விமானங்களைப் பார்த்து வருகிறோம்.

பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவன் நான். விமானப் பைத்தியம் அதற்கும் முந்தையது. டீக்கடையில் இந்த விமானம் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர், "அது அடிக்கடி விழுகிற வண்டியாச்சே சார்" என்பார். அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன். விழுந்தது உண்மை. ஆனால் என்ன வேலையில் இருக்கும்போது விழுந்தது என்று கேட்க வேண்டும். இன்று இதையே நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கொஞ்சம் பழங்கதை. இது ஜெர்மனியில் பிறந்தது. கம்பெனியை நிறுவிய கிளாட் டோர்னியர் தண்ணீரில் இறங்கி ஏறும் பறக்கும் படகுகளுக்குப் பேர்போனவர். 1925இல் துருவப் பயணங்களுக்குப் பேர்போன ஆமுண்ட்சென் வடதுருவத்தை நோக்கிக் கிளம்பியது அவருடைய இரண்டு பறக்கும் படகுகளில்தான். துருவத்தை எட்டாமல் பனியில் இறங்கினார்கள். ஒன்றை விட்டுவிட்டு, எல்லோரும் மற்றதில் ஏறித் திரும்பினார்கள். சரி, அதைத் தொடங்கினால் அரை மணி நேரம் ஓடிவிடும்.

நம் 228 முதலில் பறந்தது 1981 மார்ச்சில். அதன் சிறப்பு இறக்கைதான். குறைந்த வேகத்திலும் நன்றாகத் தூக்கும், அதனால் ஒரு கிலோமீட்டருக்கும் குறைந்த ஓடுதளம் போதும். பயணிகள் என்றால் 19 பேர். 1983இல் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் உரிமம் வாங்கியது. அன்றிலிருந்து கான்பூரில் நூற்றுக்கு மேல் கட்டியிருக்கிறார்கள். நம் தலைக்கு மேலே போவது ஜெர்மன் வரைபடம், கான்பூர் கைவேலை.

அந்த ஊளைக்குக் காரணம் எஞ்சின். பெயர் டர்போபிராப். உள்ளே இருப்பது ஜெட் எஞ்சினைப் போன்ற சுழலிதான். அது நிமிடத்துக்கு 41,000 சுற்றுக்கு மேல் சுற்றும். அதைப் பல்சக்கரப் பெட்டி குறைத்து, 1,600க்கும் சற்றுக் கீழே விசிறிக்குக் கொடுக்கும். இந்த எஞ்சினில் சுழலியும் விசிறியும் ஒரே தொடர்பில் இருப்பதால், தரையில் சும்மா நிற்கும்போதுகூட முழு வேகத்துக்குக் கொஞ்சம் கீழேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதுதான் காதைப் பிளக்கிறது.

"இரண்டு எஞ்சின் இருக்கிறதே, ஒன்று நின்றால் இன்னொன்று காப்பாற்றாதா?" என்று மாணவர்கள் கேட்பார்கள். காப்பாற்றும், ஒரு நிபந்தனையோடு. ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலுக்கு வெளியே கையை விரித்து நீட்டினால் காற்று பின்னால் இழுக்கும். அதே கையைக் கத்தி போலத் திருப்பினால் காற்று வழுக்கிக்கொண்டு போகும். (பிள்ளைகளே, வீட்டில் செய்து பார்க்க வேண்டாம், கண்டக்டர் திட்டுவார்.) நின்றுபோன எஞ்சினின் விசிறித் தகடுகளையும் அப்படித்தான் திருப்பியாக வேண்டும். இல்லாவிட்டால் செத்த எஞ்சின் நல்ல எஞ்சினின் உழைப்பைத் தின்றுவிடும். அப்புறம் வேகம். வேகம் குறைந்தால் இறக்கை தூக்காது. எத்தனை எஞ்சின் இருந்தாலும் இந்த விதி மாறாது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த கதை. நார்வேயில் ரோஸ்ட் என்று ஒரு தீவு. நம்மைப் போலவே கருவாட்டுத் தீவு, காட் மீனைக் கம்புகளில் தொங்கவிட்டுக் குளிர்காற்றில் உலர்த்துவார்கள். 2003 டிசம்பர் 4. அங்கிருந்து போடோ நகரத்துக்கு ஒரு டோர்னியர் 228 போகிறது. விமானிகள் இருவர், பயணிகள் இருவர். மோசமான வானிலை. மூக்கில் இடி விழுந்தது.

விமானத்தில் இடி விழுவது அரிது அல்ல. உலோக உடம்பு மின்சாரத்தை வெளியே கடத்திவிடும். ஆனால் அசையும் பாகங்களுக்கு நடுவே மின்சாரம் போக மெல்லிய இணைப்புக் கம்பிகள் இருக்கும். அன்றைக்கு அந்தக் கம்பிகளின் இழைகளில் ஒரு பகுதி முன்பே அறுந்திருக்கலாம் என்று விசாரணையில் சொன்னார்கள். மின்சாரம் வேறு வழி தேடியது. மூக்கை ஏற்றி இறக்கும் வால்தகட்டுக்குப் போகும் தண்டின் இணைப்பு அறுந்தது. விமானி பிடியை இழுக்கிறார், மூக்கு அசையவில்லை. யோசித்துப் பாருங்கள், விமானம் பறந்துகொண்டுதான் இருக்கிறது, ஆனால் மேலே போ, கீழே போ என்று சொல்ல வழியில்லை.

என்ன செய்தார்கள்? வாலைச் சிறிது சிறிதாகச் சரிசெய்ய 'ட்ரிம்' என்று ஒரு மின் ஏற்பாடு உண்டு. நீண்ட பயணத்தில் கை வலிக்காமல் இருக்க வைத்தது. அதையும் எஞ்சின் விசையையும் வைத்தே மூக்கை ஏற்றி இறக்கினார்கள். ட்ரிம் மெதுவாகத்தான் கேட்கும். முதல் முறை இறங்க முடியவில்லை, மறுபடி ஏறிச் சுற்றி வந்தார்கள். இரண்டாவது முறை ஓடுதளத்துக்குச் சற்று முன்பே தரையில் பலமாக மோதியது. விமானிகளுக்குக் கடுமையான காயம், பயணிகளுக்குச் சிறு காயம். நான்கு பேரும் பிழைத்தார்கள். இதை விபத்துப் பட்டியலில் ஒரு வரியாகத்தான் எழுதுவார்கள். எனக்கோ அந்த இரண்டு விமானிகளையும் எழுந்து நின்று கும்பிடத் தோன்றும்.

அதற்கு நேர்மாறான பெயர் நேபாளத்தில் வந்தது. 2010 ஆகஸ்ட் முதல் 2012 செப்டம்பர் வரை மூன்று பெரிய விபத்துகள். முதலாவதில் மின்னாக்கி கெட்டு, 14 பேர் போனார்கள். அடுத்தது ஜோம்சோமில், மலைகளுக்கு நடுவே, 15 பேர். மூன்றாவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காத்மாண்டிலிருந்து லுக்லாவுக்குக் கிளம்பியது. அந்த லுக்லா ஓடுதளம் 527 மீட்டர்தான், அதுவும் சரிவு. ஆனால் விமானம் அங்கே போய்ச் சேரவே இல்லை. ஏறியதுமே விழுந்து 19 பேரும் இறந்தார்கள். உடனே பருந்து மோதிவிட்டது என்று செய்தி பரவியது. பறவை மோதியிருக்கலாம்தான். ஆனால் எஞ்சின்களைப் பிரித்துப் பார்த்தபோது பறவை உள்ளே போன தடயம் இல்லை. உந்துவிசை குறைந்து, வேகம் இறங்கி, இறக்கை தாங்காமல் போயிற்று. பழியைப் பருந்தின் மேல் போடுவது சுலபம்.

மறுபடியும் கேட்கிறேன், என்ன வேலையில் விழுந்தது? நம் நாட்டில் கடலுக்கு மேல், இரவில். 2015 மார்ச்சில் கோவாவுக்கு அப்பால் கடற்படை டோர்னியர் ஒன்று இரவுப் பயிற்சியில் விழுந்தது. இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். ஒருவரை ஒரு மீன்பிடிப் படகு தூக்கியது. கடற்கரைக்காரர்கள் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். அதே ஆண்டு ஜூன் 8. கடலோரக் காவல்படையின் சி.ஜி. 791, சென்னையிலிருந்து நம் பாக் நீரிணைப் பக்கம் ரோந்து போனது. உள்ளே மூன்று பேர். 2014இல்தான் படையில் சேர்ந்த விமானம். அன்றிரவே மறைந்தது. ஒரு மாதத்துக்கும் மேல் தேடினார்கள். கறுப்புப் பெட்டியின் ஒலிச் சைகையைக் கடற்படை நீர்மூழ்கி கேட்டது, ஆழ்கடல் கப்பல் ஒன்று கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் சிதைவைக் கண்டது. நம் பாக் கடலில் சில பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறு அடி) ஆழத்தையே பார்த்துப் பழகிய நமக்குக் கடலூருக்கு வெளியே இருக்கும் அந்தக் கடல் பள்ளம் நம்ப முடியாதது.

அமாவாசை இரவில் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. படகில் இருப்பவனுக்குக் காலுக்குக் கீழே பலகை இருக்கிறது. மேலே இருப்பவனுக்கு முன்னால் உள்ள கருவிகள்தான் பலகை. உடம்பு 'நேராகத்தான் போகிறோம்' என்று பொய் சொல்லும்.

கண்ணாடிக்கு அப்பால் அறிவிப்பாளர் தம்பி இரண்டு விரல் காட்டுகிறார். பயணிகள் சேவையைப் பற்றி நிறைய எழுதி வைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். 2022 ஏப்ரலில் அலையன்ஸ் ஏர் நிறுவனம் கான்பூரில் செய்த டோர்னியரை அசாமின் திப்ருகரிலிருந்து அருணாசலத்தின் பாசிகாட்டுக்கு ஓட்டத் தொடங்கியது. நம் ஊருக்கும் இப்படி ஒன்று வரலாமே என்று ஆசை உண்டு, அதை இன்னொரு நாள் பேசுவோம்.

கடைசியாக ஒன்று, தம்பி, அரை நிமிஷம். புயல் சின்னம் உருவானால் டோர்னியர்கள் கடலுக்கு மேல் வந்து, கரைக்குத் திரும்பச் சொல்லி படகில் இருக்கும் வி.எச்.எஃப். ரேடியோவில் அறிவிப்பார்கள். 16ஆம் சேனலில் ரேடியோவை வைத்திருங்கள். பாட்டுக்காகவோ பேச்சுக்காகவோ மாற்றினாலும் திரும்ப அங்கேயே கொண்டுவந்து விடுங்கள். வணக்கம்.