ஏதென்ஸின் பானை ஓடுகள்

வணக்கம் நேயர்களே. பண்டைய கிரேக்கம் என்றதும் பளிங்குக் கோயில்களும் சிலைகளும்தான் நினைவுக்கு வரும். அவை வசதியும் அதிகாரமும் இருந்தவர்கள் எழுப்பியவை. சாதாரண ஏதென்ஸ்காரரின் மனதை அறிய எனக்கு உடைந்த பானை ஓடுதான் வேண்டும். வெண்கலத்தை உருக்கிவிடுவார்கள், பளிங்கைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிவிடுவார்கள். ஓட்டை யார் எடுக்கப்போகிறார்கள்? அதனாலேயே அது மண்ணுக்குள் பத்திரமாகக் கிடந்தது.

ஏதென்ஸில் ஒரு வழக்கம் இருந்தது. செல்வாக்கு மிஞ்சிப்போன தலைவர் ஒருவரைப் பத்து ஆண்டு ஊரைவிட்டு அனுப்ப, ஆண்டுக்கு ஒருமுறை வாக்கெடுப்பு நடத்தலாம். முதன்முதலில் கி.மு. 487இல் ஒருவரை இப்படி வெளியேற்றினார்கள். குடியுரிமை உள்ள ஆண்கள் ஆளுக்கொரு ஓட்டில் ஒரு பெயரைக் கீறி, அகோரா என்ற சந்தைத் திடலில் போடுவார்கள். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அதில் இடமில்லை. 6,000 ஓடுகளாவது சேர வேண்டும். வெளியேற்றப்பட்டவரின் சொத்தைத் தொடமாட்டார்கள்.

அந்த ஓடுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. குயவர்கள் வாழ்ந்த கெராமெய்கோஸ் பகுதியில் மட்டும் 1960களில் எட்டாயிரத்துக்கும் மேல். பெரும்பாலானவற்றில் தலைவரின் பெயரும் தந்தை பெயரும்தான். ஆனால் கோபம் அடங்காத சிலர் கூடுதலாகவும் எழுதிவிட்டார்கள். கிமோன் என்ற தளபதியின் பெயர் உள்ள ஓடு ஒன்று, "எல்பினிகேயையும் கூட்டிக்கொண்டு போ" என்கிறது. எல்பினிகே அவருடைய சகோதரி. உடன்பிறந்த இருவரையும் பற்றி ஊரில் ஓடிய வம்புப்பேச்சு அப்படியே ஓட்டில் ஏறிவிட்டது! எழுதியவர் யாரென்று தெரியாது. குரல் மட்டும் தெளிவாகக் கேட்கிறது.

எனக்கு இதைவிட முக்கியமானது 1937இல் அக்ரோபோலிஸ் குன்றின் வடசரிவில், ஒரு கிணற்றில் கிடைத்த குவியல். சுமார் 190 ஓடுகள். எல்லாவற்றிலும் தெமிஸ்டோகிளிஸ் பெயர். கி.மு. 480இல் சலாமிஸ் கடற்போரில் பாரசீகரை வென்ற அதே தெமிஸ்டோகிளிஸ்தான். அகழாய்வாளர் ஆஸ்கர் புரோனீர் கையெழுத்துகளை ஒப்பிட்டார். எழுதியவர்கள் 14 பேர்தான்! ஓடுகளிலும் பல, ஒரே மாதிரிக் கிண்ணங்களின் அடிப்பகுதிகள். ஆக, எதிரணியினர் முன்கூட்டியே எழுதி, வருகிறவர்கள் கையில் கொடுக்க அடுக்கி வைத்திருக்கிறார்கள். மிஞ்சியது கிணற்றுக்குப் போயிருக்க வேண்டும். எந்த வரலாற்று ஆசிரியரும் நமக்குச் சொல்லாத தேர்தல் வேலை இது. உடைந்த கிண்ணத்தில் இருந்த கீறல்களைப் பொறுமையாகப் பார்த்ததால்தான் தெரியவந்தது.

ஏதென்ஸ் செல்லும் வாய்ப்புக் கிடைத்தால் அகோரா அருங்காட்சியகத்துக்குக் கட்டாயம் போங்கள். இப்படிப்பட்ட ஓடுகளை அங்கே பார்க்கலாம். எழுத்துகளைக் கொஞ்சம் நின்று பாருங்கள். நன்றி, வணக்கம்.