ஒரே இணைய இணைப்பு, வீடு நிறையக் கணினிகள்: ரவுட்டருக்குள் என்ன நடக்கிறது?

(திரையில்: சுவரில் பொருத்தப்பட்ட வெள்ளைப் பெட்டி, அதற்குள் நுழையும் மெல்லிய ஃபைபர் கம்பி.)

வணக்கம். வீட்டுக்குள் வருவது ஒரே ஒரு ஃபைபர் கம்பி. அந்த இணைப்புக்குக் கிடைப்பதும் பெரும்பாலும் ஒரே ஒரு ஐ.பி. முகவரிதான் (இணையத்தில் அந்த இணைப்பை அடையாளம் காட்டும் எண்). ஆனால் அப்பாவின் மேசைக் கணினி, மகளின் மடிக்கணினி, மாடியில் இருக்கும் அலுவலகக் கணினி ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் இணையத்தைப் பயன்படுத்துகின்றன. இது எப்படி நடக்கிறது என்பது தெரிந்துவிட்டால், வீட்டு நெட்வொர்க்கில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவற்றை நாமே சரிசெய்துகொள்ள முடியும்.

ஐ.பி. பதிப்பு 4 முகவரி என்பது 32 பிட் நீளமுள்ள எண். ஆகவே மொத்தம் ஏறத்தாழ 429 கோடி முகவரிகள்தான் உண்டு. இவை போதாமல் போகும் என்பது 1990களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டதால், உள்ளே ஒரு முகவரியும் வெளியே வேறொரு முகவரியுமாக மாற்றித் தரும் முறையை 1994 மே மாதம் ஆர்.எஃப்.சி. 1631 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் முன்வைத்தது. குறுகிய காலத் தீர்வு என்றே அந்த ஆவணம் இதைக் குறிப்பிட்டது. நாட் எனப்படும் அந்த முறையின் வளர்ந்த வடிவம்தான் இன்றும் நம் வீட்டு ரவுட்டரில் இயங்குகிறது. வீட்டுக்குள் மட்டும் பயன்படுத்துவதற்கென 192.168 என்று தொடங்கும் முகவரிகளையும், வேறு இரண்டு தொகுதிகளையும் 1996இல் ஆர்.எஃப்.சி. 1918 ஒதுக்கி வைத்தது. உங்கள் வீட்டிலும் அடுத்த வீட்டிலும் 192.168.1.5 என்ற ஒரே முகவரி இருக்கலாம். இரண்டும் இணையத்தில் நேரடியாக வெளிப்படுவதில்லை என்பதால் குழப்பம் எதுவும் வராது.

(திரையில்: இரண்டு கணினிகள், நடுவில் ரவுட்டர், அதன் மேல் ஓர் அட்டவணை.)

இப்போது ரவுட்டரின் வேலையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். மகளின் மடிக்கணினிக்கு 192.168.1.5 என்ற முகவரியை ரவுட்டரே, டி.ஹெச்.சி.பி. என்ற வசதியின் மூலம், வழங்கியிருக்கிறது. மடிக்கணினி ஓர் இணையதளத்தைக் கேட்கும்போது, தன் முகவரியோடு 51000 போன்ற ஒரு போர்ட் எண்ணையும் (கணினிக்குள் எந்த இணைப்புக்கு உரியது என்று காட்டும் எண்) சேர்த்து அனுப்புகிறது. ரவுட்டர் அந்த இரண்டையும் நீக்கிவிட்டு, தன் பொது முகவரியையும் 40001 என்ற புதிய போர்ட் எண்ணையும் எழுதி வெளியே அனுப்புகிறது. அதே நொடியில், 40001க்கு வரும் பதில் 192.168.1.5இன் 51000க்கு உரியது என்று தன் அட்டவணையில் ஒரு வரி குறித்துக்கொள்கிறது. அப்பாவின் கணினியும் தற்செயலாக அதே 51000ஐப் பயன்படுத்தினால், அதற்கு 40002 என்று வேறொரு வரி. பதில்கள் திரும்பி வரும்போது, எது யாருக்கு என்பதை ரவுட்டர் இந்த அட்டவணையைப் பார்த்தே முடிவு செய்கிறது.

அட்டவணையில் வரி இல்லாத எதுவும் உள்ளே வராது. வீட்டில் உள்ள கேமராவையோ கோப்புச் சேமிப்பகத்தையோ வெளியூரிலிருந்து நேரடியாகத் திறக்க முடியாமல் போவதற்கு இதுவே காரணம். போர்ட் ஃபார்வர்டிங் என்பது, அப்படிப்பட்ட ஒரு வரியை நாமே நிலையாக எழுதிவைப்பதுதான். ஆனால் ரவுட்டரின் வான் முகவரி, அதாவது இணையப் பக்கத்தில் அதற்குக் கிடைத்த முகவரி, 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், இணைய நிறுவனமும் தன் பக்கத்தில் இதே மாற்றத்தைச் செய்கிறது என்று பொருள். அப்போது நீங்கள் எழுதும் வரி பயன் தராது. நிறுவனத்திடம் பொது முகவரி கேட்டுப் பெறுவது ஒரு வழி.

(திரையில்: மாடிப்படி, கீழே ஒரு ரவுட்டர், மேலே ஒரு ரவுட்டர்.)

பல வீடுகளில் சிக்கல் தொடங்குவது இரண்டாவது ரவுட்டரிலிருந்துதான். மாடியில் வைஃபை எட்டவில்லை என்று புதிய ரவுட்டர் வாங்கி, கீழிருந்து வரும் கேபிளை அதன் வான் போர்ட்டில் (இணையக் கேபிளுக்கான துளையில்) செருகுகிறோம். இணையம் வந்துவிடுகிறது, பிரிண்டர் காணாமல் போகிறது. மேல் ரவுட்டர் தனக்கென ஒரு தனி நெட்வொர்க்கை உருவாக்கிவிட்டதே காரணம். பிரிண்டர் தன் இருப்பை அறிவிக்கும் செய்திகள் ரவுட்டரைத் தாண்டிச் செல்வதில்லை. மாடிக் கணினியிலிருந்து கீழே இருக்கும் கணினியை முகவரி கொடுத்து அணுக முடிந்தாலும், கீழிருந்து மேலே அணுக முடியாது.

இதற்குத் தீர்வு எளிது. புதிய ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் அக்சஸ் பாயிண்ட் (தனி நெட்வொர்க்கை உருவாக்காமல் வைஃபை மட்டும் தரும் முறை) என்ற தேர்வு இருந்தால் அதை இயக்கினால் போதும். இல்லையென்றால், முதலில் ஒரு கணினியை அதனோடு கேபிளால் இணைத்து, புதிய ரவுட்டரின் முகவரியைக் கீழ் ரவுட்டரின் வரிசையிலேயே வேறொன்றாக, எடுத்துக்காட்டாக 192.168.1.2 என மாற்றிச் சேமியுங்கள்; கீழ் ரவுட்டர் அதே முகவரியை வேறு கருவிக்கு வழங்கிவிடாதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து புதிய ரவுட்டரின் டி.ஹெச்.சி.பி.யை நிறுத்துங்கள். அதன் பிறகு கீழிருந்து வரும் கேபிளை வான் போர்ட்டில் அல்லாமல் லேன் போர்ட்டில் (வீட்டுக் கருவிகளுக்கான துளையில்) செருகுங்கள். வரிசை முக்கியம்: டி.ஹெச்.சி.பி.யை முதலில் நிறுத்திவிட்டால், கணினிக்கு முகவரி கிடைக்காமல் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைவதே சிரமமாகிவிடும்.

வேகம் குறைந்தால் உடனே பெரிய திட்டத்துக்கு மாறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு கணினி நூற்றுக்கணக்கான படங்களை மேகச் சேமிப்பகத்துக்கு ஏற்றும்போது, பதிவேற்றப் பாதை நிரம்பி, மற்றவர்களின் சிறு கோரிக்கைகள்கூட அதன் பின்னால் வரிசையில் காத்திருக்கின்றன. அதனால்தான் எதையும் பதிவேற்றாதவரின் வீடியோ அழைப்பும் திக்குகிறது. படங்கள் ஏறும்போதும் அதை நிறுத்திய பிறகும் பிங் (ஒரு சிறு செய்தி போய்த் திரும்ப ஆகும் நேரத்தை அளக்கும் கட்டளை) செய்து பாருங்கள்; சில பத்து மில்லி நொடிகளாக இருக்க வேண்டிய நேரம் பல நூறாக உயர்ந்திருந்தால், காரணம் இந்த வரிசைதான். ரவுட்டரில் கியூ.ஓ.எஸ். என்ற, போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் வசதி இருந்தால், பதிவேற்ற வரம்பை இணைப்பின் உண்மையான வேகத்தைவிடச் சற்றுக் குறைத்து வையுங்கள்.

இடம் மாறாத கணினிகளுக்கு வைஃபையைவிடக் கேபிளே மேல். ஒரே சேனலில் (அலைவரிசையில்) உள்ள வைஃபை கருவிகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகத்தான் பேச முடியும். ஒரு கணினி கேபிளுக்கு மாறினால் மற்றவற்றுக்கும் நேரம் மிஞ்சும். கேட் 5இ வகை நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரை நொடிக்கு 1 ஜிகாபிட் கொண்டுசெல்லும், ஆனால் அதற்கு உள்ளே உள்ள எட்டுக் கம்பிகளும் சரியாக இணைந்திருக்க வேண்டும்.

(திரையில்: கணினியின் ஈதர்நெட் (கேபிள் இணைப்பு) நிலைக் காட்டி.)

200 எம்.பி.பி.எஸ். (நொடிக்கு 200 மெகாபிட்) திட்டம் எடுத்தும் கேபிளில் 95ஐத் தாண்டவில்லை என்றால், கணினியின் ஈதர்நெட் நிலையில் இணைப்பு வேகத்தைப் பாருங்கள். அங்கே 1000க்குப் பதில் 100 என்று இருந்தால், முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். அப்போதும் மாறாவிட்டால், கணினியின் போர்ட்டோ ரவுட்டரின் லேன் போர்ட்டோ 100 எம்.பி.பி.எஸ். வகையைச் சேர்ந்ததா என்று பாருங்கள்.