கையெழுத்துக்கு முன்னால் கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். மருத்துவ ஆய்வில் சேரக் கையெழுத்துப் போடுமுன் என்ன கேட்கவேண்டும் என்று, நான் சேர்ந்த கதையோடு சொல்கிறேன். எனக்குக் குடியாத்தம் பக்கம். எங்கள் வீட்டில் கேழ்வரகுக் களியை யாரும் மெல்லமாட்டார்கள். கீரைக் குழம்பில் புரட்டி அப்படியே விழுங்குவதுதான் வழக்கம். அந்தக் களி எனக்கு நெஞ்சில் நிற்க ஆரம்பித்தது. ஒரு சொம்பு தண்ணீர் குடித்து நிமிர்ந்து நின்றால் இறங்கும். இல்லையென்றால் தண்ணீரும் சேர்ந்து மேலே வரும். கேஸ் என்றார்கள், ஓம வாட்டர் கொடுத்தார்கள். கல்யாணப் பந்தியில் உட்காருவதையே விட்டுவிட்டேன்.

வேலூருக்கு வந்து, எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரிகிற பேரியம் என்ற வெள்ளைக் கரைசலைக் குடித்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான் அக்கலேசியா என்று தெரிந்தது. உணவுக்குழாயின் அடியில் ஒரு தசை வளையம் இருக்கிறது. விழுங்கும்போது அது தானாகத் தளரவேண்டும். அங்கே நரம்புச் செல்கள் அழிந்துபோனால் தளராது. ஆண்டுக்கு லட்சம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வருகிற நோய். அழிந்த நரம்பை மீட்க இன்றுவரை மருந்து இல்லை. பலூன் வைத்து விரிக்கலாம். 1913-இல் ஜெர்மனி டாக்டர் ஹெல்லர் செய்ததுபோல் தசையை வெட்டிவிடலாம். 2008-இல் ஜப்பானில் டாக்டர் இனோவே தொடங்கிய முறையில், வாய் வழியே விடும் கேமராக் குழாயான எண்டோஸ்கோப் வழியாக உள்ளிருந்தே வெட்டலாம். இதெல்லாம் முதலில் யாரோ சம்மதித்துப் படுத்ததால்தான் நமக்குக் கிடைத்தது.

சிகிச்சைகளை ஒப்பிடும் ஓர் ஆய்வில் சேரச் சம்மதமா என்று என்னைக் கேட்டார்கள். "எலியாவாடா போற?" என்றாள் அக்கா. நான் சேர்ந்தேன். அதில் மனசுக்குக் கஷ்டமானது, யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை டாக்டரும் முடிவு செய்வதில்லை, நாமும் செய்வதில்லை; குலுக்கல் மாதிரி கம்ப்யூட்டர் சொல்லும். எனக்குப் பலூன் வந்தது. நான் வேண்டிக்கொண்டது வெட்டும் சிகிச்சை. இப்போது ரசம் சோறு தாராளமாக இறங்குகிறது, களியைச் சின்ன உருண்டையாகப் பிடித்தால் அதுவும்.

பரிசோதனைகளில் வேடிக்கையானது மேனோமெட்ரி, அதாவது விழுங்கும்போது உணவுக்குழாயில் எவ்வளவு அழுத்தம் என்று அளப்பது. மூக்கு வழியே மெல்லிய குழாய். படுத்தபடி 5 மில்லி தண்ணீராக 10 தடவை விழுங்கவேண்டும். நடுவில் விழுங்காதீர்கள் என்பார்கள். விழுங்க முடியாமல் வந்தவனிடம் விழுங்காதே என்றால் அப்போதுதான் எச்சில் ஊறித் தொலைக்கும்!

சரி, உங்களையும் யாராவது அழைத்தால்? ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படியுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு படித்துச் சொல்லவேண்டும். கையெழுத்துப் போட்டபின் ஒரு பிரதி உங்களுக்கு வரவேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்காது. புது மருந்துச் சோதனையில் பாதிப்பு ஏற்பட்டால் இலவச வைத்தியமும் இழப்பீடும் உண்டென்று இந்திய அரசின் 2019 விதிகள் சொல்கின்றன. ஆய்வு, இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இருக்கிறதா என்று படித்த பிள்ளைகளை விட்டு இணையத்தில் பார்க்கச் சொல்லுங்கள்; யாரும் பார்க்கலாம்.

அப்புறம், பஸ் காசு யார் தருவார்கள் என்று கேட்கக் கூச்சப்படவேண்டாம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆம்பூர்ப் பெரியவர் முதலில் கேட்டதே அதைத்தான். படிவத்திலேயே பதில் இருந்தது. நன்றி, வணக்கம்.